வளவு உங்களுடையது, அதன் அடியில் இருப்பது யாருடையது?

புத்தளத்தில் ஒரு வீட்டுக் காணியின் உறுதியை விரித்தால் கடைசியில் அட்டவணை இருக்கும். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே பிரதேச சபை வீதி, தெற்கே இன்னாருடைய தோட்டம், மேற்கே ஒழுங்கை. அதன் கீழே விஸ்தீரணம்: பத்துப் பேர்ச், மரம், கட்டடம், கிணறு உட்பட. நான்கு திசைக்கும் எல்லை எழுதிய அந்தக் காகிதத்தில், கீழே எவ்வளவு ஆழம் வரை உங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வரியும் இராது.

நான் கற்பிட்டியில் பிறந்து புத்தளம் நகரில் நொத்தாரிசாக வேலை செய்கிறவள். காணி வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைப் பேசுவார்கள், அடுத்து முத்திரைத் தீர்வையைக் கேட்பார்கள். கிணற்றைப் பற்றிக் கேட்கிறவர் மிகக் குறைவு. வீடு கட்டிக் குடியேறிச் சில வருடங்கள் போன பிறகுதான் அந்தக் கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள்.

"மிஸ், எங்கட வளவுக்குள்ள மணலை அள்ளி விற்க ஏலுமா?"

"பக்கத்து வீட்டார் மோட்டர் போட்ட பிறகு எங்கட கிணறு உப்பாப் போச்சு. வழக்குப் போடலாமா?"

"வாப்பா காலத்திலிருந்து அந்தக் கிணத்துலதான் அள்ளுறோம். இப்ப காணியை வாங்கினவர் படலையைப் பூட்டிட்டார். என்ன செய்ய?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் மூன்று வேறு இடங்களில் இருக்கிறது. ஆனால் நம் கரையில் மணலும் தண்ணீரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. மணல் இருக்கும் வரைதான் நல்ல தண்ணீர் நிற்கும். சட்டம் மட்டும் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. மணலை அரசு இறுக்கிப் பிடித்திருக்கிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கிட்டத்தட்ட யாருமே பிடித்திருக்கவில்லை. அந்த இடைவெளியை வீட்டுக்காரர்கள்தான் அடைக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மணலும் சுண்ணக்கல்லும் குடியரசுக்கு

முதல் கேள்விக்கான பதில் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தில் இருக்கிறது. நிலம் தனியாருடையதோ அரசினுடையதோ, அதிலுள்ள கனியங்களின் உரிமை இலங்கைக் குடியரசையே சேரும் என்கிறது அந்தச் சட்டம். கனியம் என்றவுடன் பலர் பொன்னையும் இரத்தினத்தையும் நினைக்கிறார்கள். இரத்தினக் கல்லுக்குத் தனிச் சட்டமும் தனி அதிகார சபையும் உண்டு. இந்தச் சட்டம் பேசுவது நம் காலடியில் கிடக்கும் சாதாரணப் பொருட்களைத்தான்: மணல், களிமண், சரளை, கருங்கல், சுண்ணக்கல். இவற்றைத் தோண்ட, ஏற்றிச் செல்ல, சேமித்து வைக்க, விற்க, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எடுத்த பொருளுக்கு அரசுக்கு உரிமைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் நிலத்தை ஒருவரும் அதன் அடியிலுள்ள கனியத்தை இன்னொருவரும் தனித்தனியாக வாங்கி வைத்திருக்கலாம். வீட்டை வாங்கியவர், தன் வீட்டின் கீழுள்ள எண்ணெய் வேறொருவருடையது என்று பின்னர் அறிந்த கதைகள் அங்கே ஏராளம். இந்தியாவில் மலபார்க் காணிகளைப் பற்றிய ஒரு வழக்கில் 2013 ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேறு சட்டம் பறிக்காத வரை நிலத்தடிக் கனியம் நில உடைமையாளருக்கே என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

ஆகவே வளவு மணலை விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: அத்திவாரம் வெட்டி எடுத்த மண்ணை உங்கள் வளவுக்குள்ளேயே பரப்புங்கள், அதை யாரும் கேட்கப் போவதில்லை. அதே மண் டிப்பரில் ஏறிப் படலையைத் தாண்டினால் அது குடியரசின் சொத்து. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு கியூப் ஏற்றினாலும் குற்றம். "தோண்டித் தாறோம், காசும் தாறோம்" என்று லொறிக்காரர் வந்து நின்றால், தோண்டியவரோடு சேர்ந்து இடம் கொடுத்தவரும் பதில் சொல்ல நேரலாம்.

கடலையோ களப்பையோ அடுத்து வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயம் என்று வகுத்தது. அங்கே கட்டடம் கட்டவும் மணல் அகற்றவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. முருகைக்கல்லை உடைத்துச் சுண்ணாம்பு சுடுவது நம் கரையில் ஒரு காலத்தில் தொழிலாக இருந்தது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த வலயத்துக்குள் முருகைக்கல்லைத் தோண்டுவதும் சூளையில் சுடுவதும் முற்றாகத் தடை.

நம் மாவட்டம் கனியத்தில் ஏழை அல்ல. மாரவில, நாத்தாண்டிய, மாதம்பைப் பக்கத்தில் கண்ணாடி செய்ய உதவும் வெண்ணிற சிலிக்கா மணல் இருக்கிறது. வென்னப்புவ, தங்கொட்டுவப் பக்கத்தில் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் களிமண். மா ஓயாவிலும் தெதுரு ஓயாவிலும் ஆற்று மணல். புத்தளத்துக்கு வடக்கே அறுவாக்காட்டில் சுண்ணக்கல். பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கு அங்கிருந்துதான் 1970களிலிருந்து தனி ரயில் பாதையில் கல் வருகிறது. கடலுக்கு அப்பால் மன்னார்ப் படுகையில் 2011 ஆம் ஆண்டு துளையிட்டபோது இயற்கை எரிவாயுவும் தென்பட்டது. இவை எதுவும் மேலே குடியிருப்பவருடையதல்ல.

ஆனால் இவற்றைத் தோண்டியதால் வரும் விளைவு மேலே குடியிருப்பவருக்குத்தான். மா ஓயாவில் அளவு மீறி மணல் அள்ளியதால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறியது. கரையோரக் கிணறுகளுக்கும் உப்பு எட்டியது. ஆறு கொண்டுவந்து போட வேண்டிய மணல் குறைந்ததால் கடற்கரையும் அரிக்கப்பட்டது. அறுவாக்காட்டில் கல்லெடுத்து முடிந்த குழிகளைக் கொழும்பின் குப்பைக்கு ஒதுக்கினார்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் கொன்ற பிறகு அந்தத் திட்டம் வேகம் பிடித்தது. 2018 இல் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கியதற்குப் பெரிய காரணம் தண்ணீர். சுண்ணக்கல் நுண்துளைகளும் வெடிப்புகளும் கொண்டது. அதில் இறங்கும் கழிவுநீர் எங்கே போய் நிற்கும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருந்தது.

அனுமதிப்பத்திரம் என்றால் முடிந்த கதையா?

அருகே ஒருவர் களிமண்ணோ சரளையோ தோண்டத் தொடங்கினால், "அவரிட்ட பேமிட் இருக்காம், ஒண்டும் செய்யேலாது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. சுரங்க அனுமதிப்பத்திரம் ஒருவருக்கு அந்தக் காணியில் தோண்ட இடம் கொடுக்கிறதே தவிர, அயலாருடைய கிணற்றைக் கெடுக்க உரிமை கொடுப்பதில்லை. பத்திரத்தில் எல்லை, ஆழம், அளவு, காலம், தோண்டிய இடத்தைச் சீராக்கும் கடமை என்று நிபந்தனைகள் இருக்கும். குழியை மூடாமல் போனால் பறிமுதல் செய்வதற்காக முற்பணமும் வாங்கி வைக்கப்படுகிறது.

நம் மாவட்டத்தவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசேடம் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் சுற்றாடல் அனுமதியை 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை பார்க்கிறது. வடமேல் மாகாணத்துக்கு 1990 ஆம் ஆண்டிலேயே தனி நியதிச் சட்டம் இயற்றப்பட்டது. புத்தளத்துக்கும் குருநாகலுக்கும் வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபைதான் பொறுப்பு. தவறான கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோன பலரைப் பார்த்திருக்கிறேன். முறைப்பாட்டை அங்கேயே கொடுங்கள். பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் சுரங்கப் பணியகத்துக்கும் அனுப்புங்கள்.

குடியரசுக்குச் சொந்தம் என்றால் அரசாங்கம் நினைத்தபடி செய்யலாம் என்ற எண்ணத்தையும் உயர் நீதிமன்றம் திருத்தியிருக்கிறது. நமக்கு அயல் மாவட்டமான அநுராதபுரத்தில் எப்பாவல என்ற ஊர். அங்கிருந்த பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுக்க அரசு முனைந்தது. வீடும் வயலும் இழக்கவிருந்த ஊரவர்கள், ஒரு விகாரைத் தலைமைத் தேரரும் சேர்ந்து, வழக்குத் தொடுத்தார்கள். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்கள் சார்பில் காக்கும் பொறுப்பிலேயே வைத்திருக்கிறது என்றது. முறையான சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் திட்டத்தை முன்னெடுக்க முடியாமல் போயிற்று. சாதாரண வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு அது என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீருக்கு வேலி இல்லை

இரண்டாவது கேள்விதான் கடினமானது. முதலில் நம் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம்.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே களப்பு. நடுவில் மணல். மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல், பாலின் மேல் ஆடை படிவதுபோல் நல்ல நீராக மிதக்கிறது. நல்ல நீரைவிட உப்பு நீர் பாரம் கூடியது என்பதால்தான் இது நடக்கிறது. நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறு வருடங்களுக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டம் அரை அடி இறங்கினால், கீழிருந்து உப்பு 20 அடி மேலே வரப் பார்க்கும். மோட்டர் போட்ட கிணற்றின் நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பும். ஒருமுறை ஏறிய உப்பைத் திருப்பி இறக்க நல்ல மழைக்காலங்கள் பல வேண்டும். நமக்கு வருடத்தில் கிடைப்பதோ சுமார் 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை.

வண்ணாத்திவில்லுப் பக்கம் நிலை வேறு. அங்கே ஆழத்தில் சுண்ணக்கல் அடுக்குக்குள் அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. சில இடங்களில் குழாய்க் கிணறு துளைத்தால் தானாகவே மேலே வரும். ஆனால் கற்பிட்டி, நுரைச்சோலை, ஏத்தாலை, உடப்பு போன்ற மணற்பகுதிகளில் ஆழமாகத் துளைப்பது பலன் தராது. உப்பைத்தான் தேடிப் போகிறோம்.

இனிச் சட்டம். ஆறும் குளமும் பொது நீர்நிலைகள்; 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் அவற்றின் நீரை அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. நிலத்தடி நீர் அப்படியல்ல. நம் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டப்படி, நிலத்துக்குள் ஊறி நிற்கும் நீரை அந்த நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். தன் வீட்டுத் தேவைக்கு அயலவர் எவ்வளவு இறைத்தாலும், அதனால் உங்கள் கிணறு வற்றினாலும் உப்பானாலும், அதை மட்டும் வைத்து வழக்கில் வெல்வது கடினம். நீங்கள் இறைத்து அவருடைய கிணறு கெட்டாலும் அவருக்கும் இதே பதில்தான். உங்கள் உரிமை உங்களைக் காப்பாற்றாத இடம் இது. ஏனென்றால் அயலவருக்கும் அதே உரிமை இருக்கிறது.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2000 ஆம் ஆண்டு அமைச்சரவை அனுமதித்த தேசிய நீர்வளக் கொள்கை, பெருமளவில் நீர் எடுப்பவர்களுக்கு நீர் உரித்து என்ற முறையைக் கொண்டுவர நினைத்தது. தண்ணீருக்கு வரி வரப்போகிறது, கிணறுகளை விற்கப் போகிறார்கள் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. கொள்கை கைவிடப்பட்டது. மக்களின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சத்தோடு சேர்த்து, நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகப் பேணும் பேச்சும் கிடப்பில் போய்விட்டது. நம்மைப் போலவே ரோமன்-டச்சுச் சட்டத்தில் வந்த தென்னாபிரிக்கா 1998 ஆம் ஆண்டு நிலத்தடி நீரின் தனி உடைமையை நீக்கி, அரசு மக்களுக்காகக் காக்கும் வளமாக அதை அறிவித்தது. கேரளத்தின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலையொன்று கிராமத்துக் கிணறுகளை வற்றவைத்த வழக்கில், 2003 இல் ஒரு நீதிபதி நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்றார். 2005 இல் இரு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. இந்தக் கேள்விக்கு உலகம் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. புத்தளத்து வீட்டுக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது.

பத்துப் பேர்ச்சின் கணக்கு

உப்பு நாக்கில் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது, அது நைத்திரேற்று. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் நன்றாக விளைகின்றன. போட்ட பசளையில் பயிர் எடுக்காத பங்கு மணலில் நிற்காமல் நேரே நிலத்தடி நீரில் இறங்குகிறது. 1980களிலேயே பிரித்தானிய நிலவியலாளர்களும் நம் நாட்டு ஆய்வாளர்களும் இங்குள்ள கிணறுகளில் இதை அளந்து எச்சரித்தார்கள். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614, லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, மிஞ்சியதில் அதன் செறிவு கூடும். பால்மா கரைக்கும் தாய்மார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நகரத்துக்குள் தோட்டம் இல்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது. மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்றும் கிருமியும் கிணற்றுக்கு வரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. அகலம் 45 அடி, நீளம் 60 அடி என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்றை முன் மூலையிலும் குழியைப் பின் மூலையிலும் போட்டு உங்கள் வளவுக்குள் 50 அடியைச் சமாளித்துவிடலாம். ஆனால் உங்கள் குழி பின்வீட்டுக் கிணற்றிலிருந்து எத்தனை அடி? பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி? ஒவ்வொரு வீட்டின் வரைபடமும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே பிழைத்துப் போகும். அதனால் கட்டட அனுமதிக்கு வரைபடம் கொடுக்கும்போது, சுற்றியுள்ள வளவுகளின் கிணறும் குழியும் எங்கே என்று அதில் குறிக்கச் சொல்லுங்கள்.

கிணற்றுப் பங்கு

மூன்றாவது கேள்வி என் மேசைக்கு மிக அதிகமாக வருவது. அதில் கண்ணீரும் அதிகம்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். தென்னந்தோட்டங்களும் வெறுங்காணிகளும் சிறு துண்டுகளாகி வீடுகளாயின. ஒரு கிணறு, சுற்றி எத்தனையோ வீடுகள். தோட்டக்காரர் பெரிய மனதோடு, "அள்ளிக்கொள்ளுங்க தாத்தா" என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை நம்பி ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டது. இன்று தோட்டக்காரரின் பிள்ளைகள் காணியை விற்கிறார்கள். வாங்குகிறவர் மதில் எழுப்புகிறார்.

இங்கே சட்டம் ஒரு நுண்ணிய வேறுபாட்டைப் பார்க்கிறது. அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது ஒரு நில உரிமையாக இருக்கலாம். ரோமன்-டச்சுச் சட்டம் அதை ஏற்கிறது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடங்கள் தடையின்றி, யாருடைய தயவிலும் தங்காமல், தன் உரிமை என்றே அனுபவித்து வந்தால் அது உரிமையாகலாம். ஆனால் அனுமதியோடு அள்ளியது, எத்தனை வருடம் அள்ளினாலும், அனுமதியாகவே இருக்கும். கொடுத்தவர் அதை நிறுத்தலாம். அரச காணியிலோ பத்து வருடக் கணக்கே செல்லாது.

அன்போடு கொடுத்த சொல்லைக் காப்பாற்ற வழி ஒன்றுதான்: எழுத்து. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நிலம் சார்ந்த உரிமையைக் கொடுக்கும் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். "கிணற்றில் பாதிப் பங்கும், கிணற்றுக்குப் போகும் ஆறடி வழியும்" என்ற இரண்டு வரி அட்டவணையில் ஏறிவிட்டால், அந்தக் காணி யார் கைக்கு மாறினாலும் உரிமை கூடவே போகும். பங்கை எழுதி வழியை எழுதாமல் விடுவது நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. வழி இல்லாத பங்கால் பயனில்லை. பிம் சவிய திட்டத்தில் உரித்துச் சான்றிதழ் எடுப்பவர்களும், அள்ளும் உரிமையும் வழியும் அதில் பதிந்திருக்கின்றனவா என்று விசாரணைக் காலத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

எழுத்து இல்லாமல் தகராறு வந்துவிட்டால் நேரே நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இரு பக்கமும் இணங்கி எழுதும் உடன்படிக்கையை உறுதியாக மாற்றலாம். அயலார் உறவும் கெடாது.

தண்ணீர் கெட்டுப்போனால்

இறைப்பதில் அயலவருக்கு இருக்கும் சுதந்திரம், கெடுப்பதில் இல்லை. கழிவைக் கிணற்றுப் பக்கம் விட்டவர், குழியைத் திறந்து விட்டவர், எண்ணெய் கொட்டியவர் ஆகியோரைச் சட்டம் பிடிக்கும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம்.

பெரிய உதாரணம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே மின் நிலையத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அந்த வழக்கில் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு 20 மில்லியன் ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேற்பார்வை செய்யத் தவறிய அரச நிறுவனங்களும் கண்டிக்கப்பட்டன. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின் நிலையத்தோடும், பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலையோடும், களப்போரத்தில் இறால் பண்ணைகளோடும் வாழும் நமக்கு இந்தத் தீர்ப்பு மிக நெருக்கமானது.

ஆனால் இப்படியான வழக்கில் முதலில் எழும் கேள்வி: உங்கள் கிணறு முன்பு எப்படி இருந்தது? "நல்லா இருந்தது சேர்" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. பழைய பரிசோதனை அறிக்கை நிற்கும். அது பெரும்பாலான வீடுகளில் இல்லை. நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழும் உறுதியும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கிணற்றுக்கு ஒரு காகிதமும் இல்லை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

ஒன்று: கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கோ நீர்வளச் சபைக்கோ வழி காட்டுவார். நைத்திரேற்று, குளோரைட்டு, வன்மை, மலக்கிருமி ஆகிய நான்கையும் கேளுங்கள். குளோரைட்டுக்கும் வன்மைக்கும் இலங்கைத் தரத்தின் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்து, திகதியோடு அறிக்கையை உறுதிக் கோவையிலேயே வையுங்கள்.

இரண்டு: மழையை மணலுக்குள் இறக்குங்கள். 2007 ஆம் ஆண்டு நகர அபிவிருத்திச் சட்டத் திருத்தம் நகரங்களில் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரை நீரை வீதிக் கானில் விடாமல் தொட்டியிலோ கிணற்றருகே ஊறும் குழியிலோ விட்டால், அந்த நீர்தான் உப்பை அடியில் வைத்திருக்கும். முற்றம் முழுதும் கல் பதிக்காதீர்கள்.

மூன்று: ஒழுங்கை மட்டத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள், எந்த நேரம் எவ்வளவு நேரம் மோட்டர் ஓடும், புதுக் குழாய்க் கிணறு வேண்டுமா, யார் குழியை எப்போது காலி செய்வது என்று பேசி எழுதிக் கையெழுத்திடலாம். சட்டம் வைக்காத வேலியை அயலார் சேர்ந்து வைக்கும் முறை இது.

நான்கு: கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் அருகே நடக்கும் மணல் அகழ்வுக்கு யார் பெயரில், எந்த நிபந்தனையோடு அனுமதி கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும்.

ஐந்து: காணி வாங்கும்போது உறுதியில் கிணற்றை எழுதச் சொல்லுங்கள். யாருடைய கிணறு, எத்தனை பங்கு, எந்த வழி. சரிபார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். உங்கள் நொத்தாரிசு அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நம் வளவின் கீழுள்ள மணல் நம்முடையதல்ல. அதில் நிற்கும் தண்ணீர் நமக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரோடு வீட்டைக் கொடுக்க நினைக்கிறவர்கள், இந்த மழைக்காலம் தொடங்கும் முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதே வாரத்தில் அயல் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.